விபூதியும் கொஞ்சம் இரும்பும்

செப்டம்பர் 8, திங்கள்

இன்று முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் கிராக்கர் யூனிட் என் பொறுப்பு. ஆறு மாதத்துக்கு மட்டும். ஆர்டரில் 'தற்காலிகமாக' என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார்கள், நான் மறந்துவிடக் கூடாது என்று.

பர்னாந்து சார் கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்தார். இந்தப் பகுதிக்கே அவர்தான் தலைமை மேலாளர். "ஏம்மா உலகம்மா, சுத்தி வளைச்சுப் பேச எனக்குத் தெரியாது. இந்த ஆறு மாசமும் யூனிட் நிக்காம ஓடிச்சுன்னா சேர் ஒனக்கு. நடுவுல நின்னுச்சுன்னா மெட்ராஸ் ஆபீஸ்ல ஒன்னைய மறுபடி பழைய டேபிளுக்கே இழுத்துக்கிடுவாவ. என்னால தடுக்க முடியாது" என்றார். டீயில் சர்க்கரை அதிகம். ஆனாலும் முழுசாகக் குடித்தேன்.

அந்தப் பழைய மேசையில் நான்கு வருடம் இருந்தவள் நான். ஜன்னலுக்கு வெளியே எதிர்க்கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரியும். வேறு ஒன்றும் தெரியாது. இங்கே தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலை ஒட்டி, இரைந்துகொண்டே நிற்கும் ஒரு யூனிட் கிடைத்திருக்கிறது. இதை நான் விடப்போவதில்லை.

அம்மா போனில், கிராக்கர் என்றால் என்ன என்று மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னேன். கச்சா எண்ணெயில் நல்லதையெல்லாம் வடித்த பிறகு கனமான எண்ணெய் ஒன்று மிஞ்சும். அதை நெருப்பாய்க் கொதிக்கும் ஒரு பவுடரோடு சேர்த்துக் குழாயில் மேலே ஊதினால் கண்மூடித் திறப்பதற்குள் உடைந்து பெட்ரோலாகவும் சமையல் கேஸாகவும் ஆகிவிடும். அந்தப் பவுடருக்குக் கேட்டலிஸ்ட் என்று பெயர். அதன்மேல் படியும் கரியை அடுத்த பாத்திரத்தில் எரித்துவிட்டால் மறுபடி சுற்றுக்கு வந்துவிடும். பவுடரின் ஒவ்வொரு மணியிலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். எண்ணெய் உள்ளே புகுந்து உடைவது அந்தத் துளைகளில்தான். எல்லாம் கேட்டுவிட்டு, "மாவு சலிக்கிற வேலைன்னு சொல்லு" என்றாள். ஆமாம் என்றேன்.

தென்காசியிலிருந்து பொட்டலமும் அனுப்பியிருக்கிறாள். ஒரு கிலோவுக்குக் குறையாத கோயில் விபூதி. அவ்வளவையும் பூசினால் என்னையே அடையாளம் தெரியாது.

செப்டம்பர் 11, வியாழன்

ஆகஸ்ட் கடைசியில் ஷேல் எண்ணெய்க் கப்பல் ஒன்று வந்து இறக்கிவிட்டுப் போயிருக்கிறது. பூமிக்கடியில் பாறையை உடைத்து, அதன் இடுக்கிலிருந்து எடுக்கும் எண்ணெய். அதைத்தான் வழக்கமான எண்ணெயோடு கலந்து ஓட்டுகிறோம். இன்று பாட்டிலில் பார்த்தேன். தேன் நிறம். நாற்றம் கம்மி, கந்தகம் கம்மி. இவ்வளவு லட்சணமாக இருப்பதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும், மாப்பிள்ளை போட்டோ பார்ப்பது போல.

பாட்டிலைக் காட்டியவர் ஆய்வகத்துக் கெமிஸ்ட் எஸ். முத்து. மூக்குக் கண்ணாடி, குறைவான பேச்சு. எஸ் என்றால் என்ன என்று கேட்டேன். பாட்டிலைத் துடைத்துக்கொண்டே "சொரிமுத்து" என்றார். காட்டுக்குள் இருக்கும் அய்யனார் பெயர். சொல்ல வெட்கப்படுகிறவரைப் போய் நோண்டுவானேன் என்று, "என் பேரு உலகம்மாள். நம்ம ரெண்டு பேரையும் சாமிக்கு நேந்துவிட்டிருக்காவ" என்றேன். சிரித்துவிட்டார். பல்வரிசை நன்றாக இருக்கிறது. இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 17, புதன்

பெட்ரோல் கூடியிருக்கிறது. பர்னாந்து சார் விசிலடித்துக்கொண்டே நடக்கிறார். துவைத்த துணி காயவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

ஆய்வக முடிவுகள் எல்லாம் காலையிலேயே கணினியில் வந்துவிடும். இருந்தாலும் முத்து சார் போன் செய்து ஒவ்வொரு எண்ணாகச் சொல்கிறார். நானும் எழுதிக்கொள்கிறேன். வேலையில் ஒழுங்கு என்பது இதுதான்.

செப்டம்பர் 25, வியாழன்

பெட்ரோல் லேசாக இறங்கியிருக்கிறது. உடையாமல் அடியில் தங்கும் கனமான எண்ணெய் கொஞ்சம் ஏறியிருக்கிறது. கன்ட்ரோல் ரூமில் பேனல் முன்னால் உட்கார்ந்திருக்கும் தங்கப்பழம் அண்ணாச்சி இருபத்தைந்து வருடமாக இந்த யூனிட்டை ஓட்டுகிறவர். "இன்னிக்கு இவளுக்கு மேலுக்குச் சரியில்ல போல" என்றார். யூனிட்டை அவர் எப்போதும் 'இவ' என்றுதான் சொல்வார். அதற்கு மேல் அவருக்கும் காரணம் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. வெப்பத்தைக் கொஞ்சம் ஏற்றினேன். சரியான மாதிரி இருந்தது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை!

இந்த ஆலையில் பூஜை என்றால் சும்மா இல்லை. ஒரு வாரமாகத் தேய்த்துக் கழுவி, நேற்று ஆபரேட்டர்கள் கூடி யூனிட்டின் தூண் அடிகளிலெல்லாம் கோயில் மதில் மாதிரி சுண்ணாம்பும் காவியும் மாறி மாறிப் பட்டை அடித்துவிட்டார்கள். பம்புக்குப் பொட்டு, வால்வுக்குப் பொட்டு. பாதுகாப்புத் தலைக்கவசத்துக்கும் பொட்டு. பூசணிக்காய் உடைப்பது பர்னாந்து சாரின் உரிமை. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் அந்தோனியார் பக்தர், பூசணிக்காயை வேறு யார் தொட்டாலும் கோபித்துக்கொள்வார். ஒரே போடு. நாலு துண்டு. எல்லாரும் கைதட்டினோம்.

என் பங்குக்கு அம்மாவின் விபூதியை எடுத்துப் போயிருந்தேன். கேட்டலிஸ்ட் சாம்பிள் எடுக்கும் வால்வு, அதன் பக்கத்திலுள்ள பாட்டில் ஸ்டாண்டு, எல்லாவற்றிலும் மூன்று விரலால் பட்டை இழுத்தேன். காற்றில் கொஞ்சம் பறந்து என் கண்ணிலும் விழுந்தது. முத்து சார் சாம்பிள் எடுக்க வந்தவர் கைக்குட்டை கொடுத்தார். பொரி, சுண்டல், அவல். ஒரு பொட்டலம் ஆய்வகத்துக்கும் அனுப்பினேன். எல்லாத் துறைக்கும்தான் அனுப்பினேன்.

அக்டோபர் 3, வெள்ளி

முத்து சாரின் போன் இன்று வேறு குரலில் வந்தது. பூஜையன்று எடுத்த கேட்டலிஸ்ட் சாம்பிளில் இரும்பு கூடியிருக்கிறதாம். வழக்கத்தைவிட ரொம்பவே கூடுதல். கால்சியமும் கூடியிருக்கிறது.

ஓடிப்போய்ப் பர்னாந்து சாரிடம் சொன்னேன். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விழுந்து விழுந்து சிரித்தார். "ஏம்மா, காவியில என்ன இருக்கு? இரும்பு. சுண்ணாம்புல? கால்சியம். விபூதியில? அதுவும் கால்சியம். பூஜையன்னிக்கு வால்வுக்குப் பட்டையப் போட்டுட்டு அங்கனயே சாம்பிள் எடுத்தா வேற என்ன வரும்? நல்லவேளை, சுண்டல் விழல" என்றார்.

நானும் சிரித்தேன். உண்மையைச் சொன்னால் உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. பவுடரில் நிஜமாகவே இரும்பு ஏறியிருந்தால் யூனிட் படுத்துவிடும், நான் மெட்ராஸுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். விபூதி என்றால் யாருக்கும் ஒரு கேடும் இல்லை. அது விபூதியாக இருக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

முத்து சாருக்குப் போன் செய்து சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "இருக்கலாம் மேடம். இன்னொரு சாம்பிள் எடுத்துப் பாத்துருவோம்" என்றார்.

அக்டோபர் 6, திங்கள்

இன்னொரு சாம்பிளிலும் இரும்பு அப்படியே இருக்கிறது. இன்னும் கொஞ்சம் ஏறியும் இருக்கிறது. பர்னாந்து சார், "அந்த வால்வு இடுக்குல ஒட்டுனது ஒரு மாசம் ஆனாலும் போகாதும்மா" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குப் போய்விட்டார். தீபாவளி கழிந்து இரண்டாவது ஷேல் கப்பல் வருகிறது. அப்போது கலவையில் ஷேலை இரண்டு மடங்காக்க வேண்டுமாம். அதைப் பேசத்தான் கூட்டம்.

இங்கே பவுடர் சரியாகச் சுற்ற மாட்டேன் என்கிறது. குழாயில் இறங்கும்போது திக்குகிறது. பவுடரை விடும் வால்வு நாளுக்கு நாள் அகலமாகத் திறந்துகொண்டே போகிறது. அது முழுசாகத் திறந்துவிட்டால் அப்புறம் திறக்க ஒன்றும் இல்லை, யூனிட் நின்றுவிடும். தங்கப்பழம் அண்ணாச்சி பேனலை விட்டுக் கண்ணெடுக்காமல், "எம்மா, விபூதி பூசினதுக்கு இவ இப்படி இழுத்துக்கிட்டு கிடப்பாளா?" என்றார்.

எனக்கு என் மேலேயே எரிச்சல். வெள்ளிக்கிழமை சிரித்த சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைக்க? மத்தியானம் சாம்பார் சாதத்தைத் தொடவில்லை. அப்பளத்தை மட்டும் விடவில்லை.

அக்டோபர் 8, புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

முத்து சாரைத் தேடிக்கொண்டு நானே ஆய்வகத்துக்குப் போனேன். "விபூதியா இரும்பான்னு அடிச்சுச் சொல்ல வழி உண்டா?" என்று கேட்டேன். கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தார். பிறகு, "மேடம், வீட்டுல அரிசி களைவீங்கல்லா?" என்றார்.

அரிசியில் தூசு ஒட்டியிருந்தால் தண்ணீர் ஊற்றிக் களைந்தால் போய்விடும். அதே கதைதான். கேட்டலிஸ்ட் மணி கனமானது, தண்ணீரில் போட்டால் அடியில் உட்கார்ந்துவிடும். விபூதியும் காவியும் மாவு மாதிரி, கலங்கலோடு மேலே நிற்கும். மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டால் மேலே விழுந்ததெல்லாம் போய்விடும். எண்ணெயோடு வந்து மணியிலேயே வெந்து ஒட்டிய இரும்பு போகாது.

"அப்ப முதல்ல வேணும்னே அழுக்காக்கிப் பாக்கணும்" என்றேன். அவர் கண்ணாடிக்குள் கண் விரிந்தது. "அதேதான்" என்றார்.

குவார்ட்டர்ஸுக்கு ஓடி அம்மாவின் விபூதிப் பொட்டலத்தை எடுத்து வந்தேன். தூணிலிருந்து காவியும் சுண்ணாம்பும் சுரண்டிக்கொண்டோம். ஷேல் வருவதற்கு முன்னால், ஜூலையில் எடுத்த நல்ல சாம்பிள் ஒன்று இருந்தது. அதில் இவற்றையெல்லாம் தாராளமாகக் கலந்தோம். கோயில் விபூதியை ஸ்பூனில் அளந்து பீக்கரில் போடும்போது மனதுக்குள் தென்காசிக் கோயில் உலகம்மனிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டேன். முத்து சார் சட்டைக்கையை மடித்துவிட்டுக் களைந்தார். அரிசி களைந்து பழகிய கை, பார்த்தாலே தெரிகிறது. "சமையல் நீங்கதானா?" என்றேன். "தனியாத்தான இருக்கேன்" என்றார். தகவலுக்காகக் கேட்டதுதான்.

முதல் தண்ணீர் செக்கச்செவேல் என்று வந்தது. அடுத்தது இளஞ்சிவப்பு. அப்புறம் தெளிந்துவிட்டது. மிச்சத்தைச் சோதித்தால் இரும்பும் கால்சியமும் ஜூலையில் இருந்த அளவுக்கே கிட்டத்தட்ட இறங்கிவிட்டன.

பிறகு பூஜையன்று எடுத்ததைக் களைந்தோம். முதல் தண்ணீர் லேசாகக் கலங்கியது, அது என் விபூதி. அதோடு சரி. எத்தனை முறை களைந்தாலும் இரும்பு இம்மியும் இறங்கவில்லை. திங்கட்கிழமை சாம்பிளிலும் அதே கதை.

ஆக, நிஜ இரும்பு. தேன் நிறத்தில் இருந்த அந்த மாப்பிள்ளையோடு வந்தது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் தெரிந்துவிட்டது என்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறதே, அதையும் எழுதத்தான் வேண்டும். ரெண்டு பேரும் வெறும் பீக்கரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றோம்.

அக்டோபர் 9, வியாழன்

பழைய கிளிப் உடைந்துவிட்டதால் புதுக் கிளிப் வாங்கினேன். உடைந்ததுதான்.

அக்டோபர் 11, சனி

பர்னாந்து சாரிடம் வெறும் எண்ணைக் கொண்டு போனால் மறுபடி சிரித்தே அனுப்பிவிடுவார். மணியை அப்படியே கண்ணால் காட்டினால்தான் நம்புவார். திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் இருக்கிறது. முத்து சார் படித்த கல்லூரி. லீவு நாள் என்றாலும் அவருக்காகத் திறந்துவிட்டார்கள்.

பஸ்ஸில் போனோம். அவர் மடியில் சாம்பிள் பெட்டி, என் மடியில் சாப்பாட்டுக்கூடை. புளியோதரை செய்திருந்தேன். மதியம் ஓட்டலில் சாப்பிட்டால் நேரமாகும், அதனால்தான்.

திரையில் ஜூலை மணிகள் முதலில் வந்தன. உருண்டையாக, வழவழவென்று, அங்கங்கே துளையோடு. அடுத்து இப்போதைய மணி. ஒவ்வொரு மணியும் சீரக மிட்டாய் போல மேடும் பள்ளமுமாக இருந்தது. இரும்பும் கால்சியமும் சேர்ந்து சூட்டில் உருகி மேலே பாகு காய்ந்த மாதிரி படிந்துவிட்டது. துளைகளின் வாய் மூடிக்கிடந்தது. உள்ளே இடம் அப்படியே இருந்தும் எண்ணெயால் நுழைய முடியவில்லை. மேடு பள்ளமான மணிகள் ஒன்றோடொன்று நெருங்கி உட்காரவும் மாட்டா. பவுடர் திக்குவதற்கும் அதுதான் காரணம். இரண்டு வாரமாக என்னைப் படுத்தியதெல்லாம் ஒரே படத்தில் இருந்தது.

"கெட்ட சாமான்தான், ஆனா பாக்க அழகா இருக்கு" என்றேன். "ஆமா" என்றார் முத்து சார். அவர் அப்போது திரையைப் பார்க்கவில்லை என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது.

திரும்பும்போது அல்வா வாங்கிக்கொண்டோம். பஸ்ஸில் இடம் இல்லை, நின்றுகொண்டே வந்தோம். தூரம் தெரியவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

பர்னாந்து சார் படங்களை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, தூணிலிருந்து சுரண்டிய காவியையும் அம்மா விபூதியையும் கலந்து களைந்த கதையைச் சொன்னேன். நடுவில் ஒரு முறைகூடச் சிரிக்கவில்லை. முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தப்பு எம்மேலதான். கெட்ட சேதிய யாராவது சிரிப்பாக்கிட்டா நல்லாருக்கும்னு தோணிச்சு. நானே ஆக்கிட்டேன்" என்றார். எனக்கும் அன்றைக்கு அதேதான் தோன்றியது என்றேன். அப்புறம்தான் ரெண்டு பேரும் சிரித்தோம்.

இனி என்ன செய்வது என்று கேட்டார். வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். கலவையில் ஷேலை உடனே கால்வாசியாகக் குறைக்க வேண்டும். கச்சா எண்ணெயைக் கழுவும் இடத்தில் தண்ணீரைக் கூட்டினால் கால்சியத்தில் கொஞ்சம் அங்கேயே போகும். இரும்பு ஏறிய பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்துப் புதுப் பவுடரை ஏற்ற வேண்டும். அதையும் யூனிட்டை நிறுத்தாமல் செய்ய வேண்டும்.

"ஓடுற வண்டியில சக்கரம் மாத்துறது. கொஞ்சம் பிசகினா நின்னுரும்" என்றார்.

"சும்மா விட்டாலும் நின்னுரும் சார். தீபாவளிக்கு முந்தியோ பிந்தியோ, அவ்ளோதான் வித்தியாசம்."

"நின்னா ஒன் பேருலதான் நிக்கும். தெரியும்லா?"

தெரியும் என்றேன். என் பெயரில்தான் குறிப்பு எழுதினேன், என் பெயரில்தான் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் அவரும் போட்டார். கேட்காமலே போட்டார். அந்த மனுஷனுக்கு என் வாழ்நாள் முழுவதும் பூசணிக்காய் வாங்கிக் கொடுப்பேன்.

ஆய்வக அறிக்கையில் முதல் தடவையாகப் பெயர் முழுசாக இருந்தது: சொரிமுத்து.

அக்டோபர் 14, செவ்வாய்

எடுக்கிறோம், ஏற்றுகிறோம். கேட்டலிஸ்ட் சாம்பிள் இனி தினமும். போனும் தினமும்.

அக்டோபர் 16, வியாழன்

மழை பிடித்துக்கொண்டது. காலை பத்து மணிக்கே இருட்டிவிட்டது.

புதுப் பவுடர் ஏற்றும் குழாயில் எங்கேயோ ஈரம் புகுந்து அடைத்துக்கொண்டது. பழையது வெளியே போய்க்கொண்டிருக்கிறது, புதியது உள்ளே வரவில்லை. பாத்திரத்தில் பவுடர் மட்டம் இறங்கிக்கொண்டே வந்தது. சுற்றும் பவுடர் திக்க ஆரம்பித்தது. தங்கப்பழம் அண்ணாச்சி "எம்மா" என்றார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

எடுப்பதை உடனே நிறுத்தச் சொன்னேன். எண்ணெய் வரத்தைக் குறைக்கச் சொன்னேன். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினேன். ஆபரேட்டர்கள் ஏற்கெனவே மரச் சுத்தியலோடு குழாயைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் ஒன்றை வாங்கித் தட்டினேன். தட்டி, காய்ந்த காற்றை விட்டு, மறுபடி தட்டி. காவிப் பட்டையெல்லாம் மழையில் கரைந்து என் பூட்ஸைச் சுற்றிச் சிவப்பாக ஓடியது. அந்த நேரத்திலும் 'களைந்தால் போகிற சிவப்பு' என்று தோன்றியது.

கடைசியில் குழாய்க்குள் சரசரவென்று சத்தம். நூறு கிலோ சர்க்கரையைக் கொட்டினால் வரும் சத்தம். வாக்கிடாக்கியில் அண்ணாச்சி கத்தினார்: "மட்டம் ஏறுது! ஏறுது எம்மா! இவ நிக்க மாட்டா!"

நிற்கவில்லை. நான்தான் நிற்க முடியாமல் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு குடை வந்து மேலே நின்றது. ஆய்வகம் யூனிட்டிலிருந்து எவ்வளவு தூரம்! "சாம்பிள் எடுக்க வந்தேன்" என்றார் முத்து சார். கையில் பாட்டில் இருந்தது உண்மைதான். அந்த மழையில் யார் சாம்பிள் எடுப்பார்கள் என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

வீட்டுக்குப் போகவில்லை. அம்மாவுக்கு வருத்தம். "மாவு நீ சலிக்கலேன்னா ஆறிப்போயிருமாட்டி?" என்றாள். பிறகு, "விபூதி இருக்கா, தீந்துட்டா?" என்று கேட்டாள். தீர்ந்துவிட்டது என்றேன். ஒன்றரை மாதத்தில் ஒரு கிலோ தீர்ந்தது என்றதும் குரலே தழுதழுத்துவிட்டது. மகளுக்கு இவ்வளவு பக்தியா என்று. இன்னும் இரண்டு கிலோ அனுப்புகிறாளாம். உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை.

காலையில் கன்ட்ரோல் ரூமில் எல்லாரும் சேர்ந்து முந்திரிக்கொத்து தின்றோம். பவுடரை விடும் வால்வு இரண்டு நாளாகப் பின்வாங்கி வருகிறது. பெட்ரோல் ஏறுகிறது. முந்திரிக்கொத்து முத்து சார் செய்தது. பாசிப்பயறு பதமாக வறுபட்டிருந்தது.

அக்டோபர் 29, புதன்

இரும்பு தினமும் இறங்குகிறது. இரண்டாவது கப்பல் வந்துவிட்டது. ஷேலை இரண்டு மடங்காக்கும் பேச்சையே எடுக்கவில்லை. கால்வாசிக்கு மேல் கலக்கக் கூடாது, இரும்பைத் தாங்குகிற மாதிரி வாயகன்ற துளையுள்ள வேறு பவுடரை வாங்க வேண்டும் என்று முடிவாகிவிட்டது.

மாலையில் பர்னாந்து சார் கூப்பிட்டார். மறுபடி சர்க்கரை அதிகமான டீ. மெட்ராஸிலிருந்து தாள் வந்திருக்கிறது, ஆறு மாதம் முடியக் காத்திருக்காமலே. 'தற்காலிகமாக' என்ற சொல்லைத் தேடிப் பார்த்தேன். ஒரு இடத்திலும் இல்லை. சேர் எனக்கு. கிராக்கர் எனக்கு. அழுகை வந்தது. டீ சூடு என்று சொல்லிச் சமாளித்தேன்.

நவம்பர் 3, திங்கள்

இரும்பு சரியான அளவுக்கு வந்துவிட்டது. இனி கேட்டலிஸ்ட் சாம்பிள் தினமும் தேவையில்லை, பழையபடி வாரம் ஒரு முறை போதும். அதற்கான தாளில் கையெழுத்துப் போட வேண்டியவள் நான்தான். காலையிலிருந்து மேசையில் கிடந்தது. தேநீர் இடைவேளை முடிந்து போடலாம் என்று நினைத்தேன், மதியச் சாப்பாடு முடிந்து போடலாம் என்று நினைத்தேன். தேவையில்லாத வேலையை ஆய்வகத்துக்குக் கொடுப்பது சரியில்லை. சாயங்காலம் போட்டுவிட்டேன்.

நவம்பர் 4, செவ்வாய்

போன் நன்றாகத்தான் வேலை செய்கிறது. எடுத்துச் சோதித்துப் பார்த்தேன்.

நவம்பர் 5, புதன்

யூனிட் நேர்த்தியாக ஓடுகிறது. எல்லாரைப் பார்த்தாலும் என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கிறது. தங்கப்பழம் அண்ணாச்சி என்னைப் பார்த்து, "இவ சரியாயிட்டா. இப்ப ஒங்களுக்குத்தான் மேலுக்குச் சரியில்ல போல" என்றார். முறைத்தேன். மனுஷன் பேனலைப் பார்த்துச் சிரிக்கிறார்.

நவம்பர் 6, வியாழன்

சாம்பிள் நாள் இல்லை. காலை பதினொரு மணி வாக்கில் கன்ட்ரோல் ரூம் கதவைத் திறந்துகொண்டு சொரிமுத்து உள்ளே வந்தார். கையில் பாட்டில் இல்லை. அறிக்கை இல்லை. தூத்துக்குடி மக்ரூன் பாக்கெட் ஒன்றுதான் இருந்தது.

"என்ன சார், இன்னிக்குச் சாம்பிள் இல்லியே?" என்றேன்.

"தெரியும்" என்றார். "சாம்பிள் இல்லாம வந்து பாக்கணும்னு தோணிச்சு. இதுல வேற எதுவும் கலக்கல."

அண்ணாச்சி திடீரென்று எழுந்து, பம்பைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். இருபத்தைந்து வருடத்தில் அந்த மனுஷன் ஷிப்ட் நடுவில் பேனலை விட்டு எழுந்ததே கிடையாதாம். வேறு வழியில்லாமல் நான் பேனலைப் பார்த்துக்கொண்டேன், சொரிமுத்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மக்ரூன் வாயில் வைத்ததும் கரைந்தது.

அம்மாவுக்கு இன்று எழுதிவிட்டேன். விபூதி எங்கே போனது என்ற உண்மையை முதலில் எழுதினேன். அதைக் களைந்தது யார் என்பதை அடுத்து எழுதினேன். இரண்டு கிலோவையும் தபாலில் அனுப்ப வேண்டாம், கையோடு எடுத்துக்கொண்டு நேரிலேயே வரச் சொன்னேன்.